எலும்புக்கு ‘ஸ்டெம் செல் கேப்ஸ்யூல்’ வந்துவிட்டது, ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் டி-ஸ்கோர் மைனஸ் 3.1, எலும்பு மிகவும் மெலிந்துவிட்டது என்றார்கள். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி போடுகிறோம், அடுத்தது வரும் மாதம். இப்போது தெரிந்த அக்கா ஒருவர் ஒரு கேப்ஸ்யூலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், மாதம் 2,900 ரூபாய். உள்ளே குவெர்செடின், சோயா ஜெனிஸ்டீன், இகாரின், பிரண்டைச் சாறு. “இந்தத் தாவர ஃபிளேவனாய்டுகள் மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லை எலும்பாக மாற்றிவிடும், ஊசியே வேண்டாம்” என்கிறார். கூட வந்த நோட்டீஸில் மணிபால் ஆய்வு என்று போட்டு, மருந்து போடாத கிண்ணம் வெளுப்பாகவும் போட்ட கிண்ணம் ரத்தச் சிவப்பாகவும் படம் இருக்கிறது. அம்மா முழுசாக நம்பிவிட்டார். அவர் தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார். நாங்கள் வாரம் இரண்டு முறை பிரண்டைத் துவையல் அரைக்கிற வீடுதான், அது போதாதா? எம்.எஸ்சி. பயோடெக் படிக்கும் என் மகன் இதையே புராஜெக்ட்டாக எடுக்கலாமா என்று கேட்கச் சொன்னான்.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

வணக்கம் அம்மா. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம். அடுத்த மாத ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கேப்ஸ்யூல் நல்லதா கெட்டதா என்ற விவாதம் முடியும்வரை கூட அது காத்திருக்கக் கூடாது.

காரணம் அந்த ஊசி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. நம் எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கரைப்பதற்கென்று ஒரு செல், கட்டுவதற்கென்று வேறொரு செல். கரைக்கும் செல் உருவாவதற்கு ‘ரேங்க் லிகண்ட்’ என்ற ஒரு புரதம் சமிக்ஞை கொடுத்தாக வேண்டும்; டெனோசுமாப் அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. ஆறு மாதம் வரை அந்தப் பிடி நிற்கும். அதற்குப் பிறகு அடுத்த ஊசி போகவில்லை என்றால் பிடி தளர்ந்து, இத்தனை நாள் அடங்கிக் கிடந்த கரைப்பு வேலை பழைய அளவுக்குத் திரும்பினால் கூடப் பரவாயில்லை, அதையும் தாண்டி எகிறும். சேர்த்த அடர்த்தியெல்லாம் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும். சிலருக்குக் கடைசி ஊசி போட்டு ஏழெட்டு மாதத்திலேயே முதுகெலும்புக் கட்டைகள் ஒன்றுக்கு மேல் அடுத்தடுத்து நொறுங்கியிருக்கின்றன, கீழே விழாமலேயே. இந்த ஊசியை நிறுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. நிறுத்துவதென்றால் அந்த இடத்தில் அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் அமில ஊசியோ போட்டு எலும்பைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அதை உங்கள் மருத்துவர் திட்டமிட்டுச் செய்ய வேண்டும், கேப்ஸ்யூல் கொண்டுவந்த அக்கா இல்லை.

ஊசி நிஜமாகவே பலன் தருகிறதா என்று அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள். 2009-ல் வெளிவந்த பெரிய பரிசோதனையில் 7,868 பெண்கள், மாதவிடாய் நின்றவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், மூன்று வருடம் கலந்துகொண்டார்கள். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 7.2 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிவு, டெனோசுமாப் போட்டவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு. அங்கே எண்ணியது முறிவுகளை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இனி அந்த நோட்டீஸ். அது முழுப் பொய்யாக இருந்தால் என் வேலை சுலபம். அதில் உண்மை இருக்கிறது, சங்கடமே அதுதான்.

எலும்பு மஜ்ஜையில் இரண்டு வகை ஸ்டெம் செல்கள் உண்டு. ஒன்று ரத்தத்தை உண்டாக்குவது. எலும்பைக் கரைக்கும் செல்லும் அந்தக் குடும்பத்தில்தான் பிறக்கிறது. இன்னொன்று எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய மூன்றில் எதுவாகவும் மாறக்கூடியது. சோவியத் விஞ்ஞானி ஃபிரீடென்ஸ்டைன் 1960-களிலும் 70-களிலும் இந்த இரண்டாம் வகையை மஜ்ஜையிலிருந்து பிரித்து வளர்த்துக் காட்டினார். 1991-ல் அமெரிக்காவின் ஆர்னால்ட் கேப்லன் அதற்கு ‘மெசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயர் வைத்தார். சுவாரசியம் என்னவென்றால், அந்தப் பெயரை வைத்து ஊர் ஊராகக் கடை போடுவதைப் பார்த்து 2017-ல் அவரே “இதை ஸ்டெம் செல் என்று சொல்வதை விடுங்கள், பெயரை மாற்றுங்கள்” என்று எழுதினார். யார் கேட்டார்கள்?

இந்தச் செல்லுக்குள் RUNX2 என்ற புரதம் ஓங்கினால் அது எலும்புப் பக்கம் போகும், PPAR காமா என்ற புரதம் ஓங்கினால் கொழுப்புப் பக்கம் போகும். (மன்னிக்கவும், தமிழில் எழுதினால் ரன்எக்ஸ்-2, பிபார் காமா.) வயதாக ஆக, பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, தராசு கொழுப்புப் பக்கம் சாய்கிறது. வயதானவர்களின் மஜ்ஜை மஞ்சளாகக் கொழுப்பேறிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தராசை மறுபடி எலும்புப் பக்கம் சாய்க்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை நியாயமானது. குவெர்செடின், கேம்ப்ஃபெரால், இகாரின், நாரிஞ்சின், ஜெனிஸ்டீன் என்று பல ஃபிளேவனாய்டுகள் (செடிகளில் இயற்கையாக இருக்கும் ஒரு வகைப் பொருள்கள்) ஆய்வகக் கிண்ணத்தில் அதைச் செய்தும் காட்டியிருக்கின்றன. இதெல்லாம் முறையாக வெளியான ஆராய்ச்சி. யாரும் கற்பனை செய்யவில்லை.

ஆனால் அந்தக் கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். நானும் மேற்படிப்பின்போது மஜ்ஜை செல் வளர்த்தவன்தான், அதனால் இந்தச் சிவப்புப் படத்தைப் பார்த்தால் எனக்கு வேறு கேள்விகள் வரும். அந்தச் சிவப்பு அலிசரின் சாயம். நம் மஞ்சிட்டிக்கு உறவான ஒரு ஐரோப்பியச் செடியின் வேரிலிருந்து ஒரு காலத்தில் எடுத்தது, இப்போது தொழிற்சாலையில் செய்கிறார்கள். அது கால்சியம் படிந்த இடத்தில் ஒட்டும். ஆகவே சிவப்பு என்றால் கிண்ணத்தில் கால்சியம் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கால்சியம் ஏன் படிந்தது? ஃபிளேவனாய்டைச் சேர்ப்பதற்கு முன்பே அந்தத் திரவத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வைட்டமின் சி, பீட்டா கிளிசரோஃபாஸ்பேட் மூன்றையும் போட்டிருப்பார்கள். செல்லை எலும்புப் பக்கம் திருப்பும் வழக்கமான கலவை அது. அதில் மூன்று வாரம் வைத்தால் ஃபிளேவனாய்டு இல்லாமலே சிவக்கும். ஃபிளேவனாய்டு செய்தது ஏற்கெனவே சரிவில் உருளும் வண்டியின் முதுகில் கை வைத்துத் தள்ளிய வேலை. பல கட்டுரைகளில் அந்த ஒத்தாசை உண்மையிலேயே இருக்கிறது, அளந்திருக்கிறார்கள். நோட்டீஸில் மட்டும் வண்டியை ஓட்டியதே அதுதான் என்று ஆகிவிட்டது. வெளுப்பாக இருக்கும் கிண்ணத்தில் அந்தக் கலவை இருந்ததா இல்லையா என்று நோட்டீஸ் அடித்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது அளவு. இங்கேதான் எனக்குப் பெரிய மறுப்பு, அதனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

கிண்ணத்தில் குவெர்செடினைப் பொதுவாக 1 முதல் 50 மைக்ரோமோலார் வரை போட்டுப் பார்ப்பார்கள். 10 மைக்ரோமோலார் என்றால் ஒரு லிட்டர் திரவத்தில் சுமார் 3 மில்லிகிராம். கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது, 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் விழுங்கினால் தாராளமாக வந்துவிடாதா என்று தோன்றும். வராது. விழுங்கிய குவெர்செடினில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. தாண்டுவதையும் குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து குளுகுரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாற்றி, சிறுநீரில் வெளியேற்ற வசதியாகக் கட்டி அனுப்பிவிடுகின்றன. உடம்பு அதை வெளியிலிருந்து வந்த அந்நியப் பொருளாகத்தான் நடத்துகிறது. தினம் 1 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தபோது கூட ரத்தத்தில் எல்லாம் சேர்த்துச் சுமார் 1.5 மைக்ரோமோலார்தான் வந்தது, அதிலும் ஏறக்குறைய முழுவதும் மாற்றப்பட்ட வடிவம்தான். கிண்ணத்தில் செல்லைத் தொட்ட அந்த மூலப்பொருள் ரத்தத்தில் தேடினால் அகப்படாத அளவு. சாதாரணமாக வெங்காயமும் முருங்கைக்கீரையும் சாப்பிடுகிற ஆளுக்கு இதைவிட இன்னும் கீழே.

மாறிய வடிவத்துக்கு ஒரு பலனும் இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அழற்சி உள்ள திசுக்களில் சில நொதிகள் அந்தக் குளுகுரோனைடைக் கழற்றிவிட்டு மூலப்பொருளை மறுபடி விடுவிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் “கிண்ணத்தில் நடந்தது உன் அம்மாவின் இடுப்பெலும்பிலும் நடக்கும்” என்று சொல்ல அது போதாது. சோயாவில் இருக்கும் டெய்ட்சீன் இன்னும் வேடிக்கை. அதைக் குடலில் இருக்கும் பாக்டீரியா ஈக்வோல் என்ற வேறு பொருளாக மாற்றும், அந்த ஈக்வோல்தான் வீரியமானது. ஆனால் எல்லார் குடலிலும் அந்த பாக்டீரியா இல்லை. மேற்கத்தியர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குத்தான் ஈக்வோல் உண்டாகிறது, சோயா அதிகம் சாப்பிடும் கிழக்காசிய நாடுகளில் பாதிப் பேர் அளவுக்கு. ஒரே மாத்திரை, இரண்டு பேர், இரண்டு வேறு பொருள்.

அளவைக் கூட்டினால் சரியாகிவிடுமே என்று அக்கா சொல்லக்கூடும், “ரெண்டு கேப்ஸ்யூலாப் போடுங்க” என்பது இந்த வியாபாரத்தில் வழக்கமான பதில். அதற்கு ஜெனிஸ்டீன் கதையைச் சொல்ல வேண்டும். 2003-ல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் காட்டியது: குறைந்த அளவில் ஜெனிஸ்டீன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வழியாக வேலை செய்து செல்லை எலும்புப் பக்கம் திருப்புகிறது, அளவு கூடியதும் பிபார் காமாவைப் பிடித்துக்கொண்டு அதே செல்லைக் கொழுப்புப் பக்கம் தள்ளுகிறது. அதாவது எந்தத் தராசைச் சரிசெய்ய வாங்கினீர்களோ, அதை எதிர்ப்பக்கம் சாய்க்கவும் அதே பொருளால் முடியும். இந்தச் செடிப்பொருள்கள் பலவற்றில் இப்படி ஒரு மேடும் சரிவும் இருக்கும். குவெர்செடினும் குறைந்த அளவில் உதவி, அதிக அளவில் செல்லைக் கொல்லும்.

சரி, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததே இல்லையா? பார்த்திருக்கிறார்கள், உங்கள் கேப்ஸ்யூலில் இருக்கும் சரக்கையே.

இகாரினுக்கு ஆதரவாக ஒன்று உண்டு. 2007-ல் வெளிவந்த ஒரு சீனப் பரிசோதனையில் மாதவிடாய் நின்று பல வருடமான 100 பெண்களுக்கு எபிமீடியம் செடியிலிருந்து எடுத்த 60 மில்லிகிராம் இகாரின், கூடவே கொஞ்சம் டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் கொடுத்தார்கள், எதிர்த்தரப்புக்கு வெற்று மாத்திரை. இரு தரப்புக்கும் கால்சியம். இரண்டு வருடம் முடித்தவர்கள் 85 பேர். சாப்பிட்டவர்களுக்கு எலும்பு அடர்த்தி ஓரளவு குறையாமல் நின்றது. நல்ல செய்திதான், ஆனால் சின்னப் பரிசோதனை, அடர்த்தியை அளந்தது, முறிவைக் குறைத்ததா என்று சொல்லும் அளவுக்கு ஆட்கள் அதில் இல்லை.

ஜெனிஸ்டீனுக்கு 2007-ல் இத்தாலியில் ஒன்று: 389 பெண்கள், தினம் 54 மில்லிகிராம், இரண்டு வருடம், அடர்த்தி கூடியது. ஆஹா என்று சொல்வதற்குள் 2011-ல் அமெரிக்காவின் மியாமியில் 248 பெண்களுக்கு தினம் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் இரண்டு வருடம் கொடுத்ததில் எலும்பு இழப்பு துளியும் நிற்கவில்லை. இதற்கெல்லாம் முன்னால் இப்ரிஃபிளேவோன் என்று ஒன்று, ஐசோஃபிளேவோனை ஒட்டி ஆய்வகத்தில் செய்தது, ஆய்வகத்திலும் விலங்கிலும் பிரமாதம். சில நாடுகளில் எலும்பு மருந்தாகவே விற்றார்கள். 2001-ல் ஐரோப்பாவில் 474 பெண்களை வைத்து நடந்த பரிசோதனை முடிவு வந்தது: எலும்பு இழப்பையும் தடுக்கவில்லை, முறிவையும் தடுக்கவில்லை, சாப்பிட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் லிம்போசைட் வெள்ளணுக்கள் குறைந்துபோயின. நான் எந்தப் புது ஃபிளேவனாய்டைப் பார்த்தாலும் முதலில் நினைப்பது இதைத்தான்.

குவெர்செடினுக்கு அண்மையில் ஒன்று வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 60 பெண்கள், 20 வாரம். குவெர்செடினோடு டசாடினிப் என்ற ரத்தப்புற்று மருந்தைச் சேர்த்து, விட்டு விட்டுக் கொடுத்தார்கள், முதுமையடைந்த செல்களைக் களையலாம் என்ற எண்ணத்தில். 2024-ல் முடிவு வெளியானது. எலும்புக் கரைப்பு குறையவில்லை. புது எலும்பு கட்டப்படுவதற்கான அடையாளம் முதல் சில வாரங்களில் சற்றே ஏறி, 20-வது வாரத்தில் வித்தியாசம் இல்லாமல் போனது. ஆய்வாளர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மை நோட்டீஸ் வரைக்கும் வந்து சேர்வதில்லை.

இத்தனையையும் அந்த 7.2, 2.3 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு வேண்டியது இடுப்பும் முதுகும் உடையாமல் இருப்பது.

“செடிதானே, பக்கவிளைவு இருக்காது” என்பதற்கும் ஒரு வார்த்தை. லிம்ப்ரெல் என்ற கேப்ஸ்யூல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர் சீட்டோடு விற்றது. உள்ளே இரண்டே ஃபிளேவனாய்டு: ஒரு சீனச் செடியின் பைகாலின், நம் ஊரில் கருங்காலி என்கிற மரத்தின் கேட்டச்சின். கல்லீரல் பாதிப்பும் நுரையீரல் அழற்சியும் பலருக்கு வரவே, 2017-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்து, 2018 தொடக்கத்தில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பச்சைத் தேயிலைச் சாற்றுக்கும் அப்படித்தான்: கோப்பையில் குடித்தால் ஒன்றுமில்லை, அதையே வடித்து, அதன் முக்கியப் பொருளான இஜிசிஜியைத் தினம் 800 மில்லிகிராம் என்று கேப்ஸ்யூலில் அடைத்தால் கல்லீரல் நொதிகள் ஏறும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் சொன்னது. கீரையில் இருந்து வரும்போது மெல்ல, கொஞ்சமாக வருகிற பொருள் சாறாக வடிக்கப்பட்டால் வேறு ஆள்.

உங்கள் அம்மாவுக்கென்று தனியாக இரண்டு உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். சோயாப் பொருள் அந்த மாத்திரை குடலில் ஏறுவதைக் குறைக்கலாம். ஏற்கெனவே சில வாரம் கேப்ஸ்யூலைச் சாப்பிட்டுவிட்டார் என்றால் தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும், இதைப் பல வீடுகளில் கவனிப்பதில்லை. இரண்டாவது, ஜெனிஸ்டீனுக்கு ஈஸ்ட்ரோஜன் சாயல் உண்டு. அம்மாவுக்கு மார்பகப் புற்று வந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இந்த விவரம் கடிதத்தில் இல்லை, அதனால் சொல்கிறேன். அப்புறம் அந்தப் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். நம் நாட்டு விதிப்படி இம்மாதிரி துணையுணவுகளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிட்டிருந்தால் அதை அம்மாவிடம் காட்டுங்கள், நான் பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது வேலை செய்யும். அச்சிடவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

இனி பிரண்டை. எனக்குப் பிடித்த விஷயம், அதனால் சுருக்கமாக முடிக்க முடியாது.

முறிந்த எலும்புக்குப் பிரண்டை என்பது நம் சித்த வைத்தியத்தில் பழைய சங்கதி. வடக்கே அதற்கு ஹட்ஜோட், எலும்பைச் சேர்ப்பது என்றே பெயர். 1960-களில் வாராணசி பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் உடுப்பா தன் குழுவினரோடு சேர்ந்து விலங்குகளில் எலும்பை முறித்து, பிரண்டைச் சாறு கொடுத்து, கதிரியக்கக் கால்சியத்தை வைத்து முறிவு கூடுவதைத் தொடர்ந்து பார்த்தார். சாறு கொடுத்தவற்றில் சீக்கிரம் கூடியது. 1964-லேயே இதைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். உங்கள் நோட்டீஸ் சொல்லும் மணிபால் ஆய்வும் உண்மை, 2009-ல் வந்தது. பிரண்டைச் சாறு மஜ்ஜை ஸ்டெம் செல்களைப் பெருக்கி, எலும்பு கட்டும் செல்லாக மாறுவதற்கு உதவியது என்று கண்டார்கள்.

ஆனால் அது எந்தச் சாறு? பெட்ரோலியம் ஈதரில் இறக்கிய சாறு. பெட்ரோலியம் ஈதர் கொழுப்பில் கரைகிற பொருள்களை, ஸ்டீரால் வகையறாக்களை, இழுக்கும். சர்க்கரை ஒட்டிய ஃபிளேவனாய்டுகள், செடியில் பெரும்பாலும் இருப்பது அந்த வடிவம்தான், அதில் சரியாகக் கரையவே கரையாது. ஆக, “ஃபிளேவனாய்டு உன் ஸ்டெம் செல்லை எலும்பாக்கும்” என்பதற்குச் சாட்சியாக நிறுத்திய அந்த ஆய்வில் வேலை செய்தது பெரும்பாலும் ஃபிளேவனாய்டாகவே இருக்காது! நோட்டீஸ் எழுதியவர் தலைப்பைத் தாண்டிப் படித்திருந்தால் அதை எடுத்துப் போட்டிருக்க மாட்டார்.

துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்து அரைப்பது வெறும் ருசிக்காக இல்லை. பிரண்டையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன, கை அரிப்பும் நாக்கு அரிப்பும் அதனால்தான். அதே ஆக்சலேட் காரணமாகத்தான் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பிரண்டையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் சொல்கிறார்களே என்று பச்சையாக அரைத்துச் சாறு குடிக்கிற வேலை யாருக்கும் வேண்டாம். துவையல் நல்ல உணவு, வாரம் இரண்டு நாள் சரி, மருந்துக்குப் பதில் ஆகாது. கேப்ஸ்யூலுக்குப் பதில் ஆகுமா என்றால் ஆகும், மாதம் 2,900 மிச்சம்.

அந்தப் பணத்தில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஊசிக்கு முன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் பாருங்கள். கால்சியம் குறைவாக இருக்கும்போதோ சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருக்கும்போதோ டெனோசுமாப் போட்டால் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், முன்பே பார்த்துச் சரிசெய்துகொண்டு போட வேண்டும். சாப்பாட்டில் நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் வர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, மீதிக்குத் தயிர், எள், கீரை, சின்ன மீன் சாப்பிடுவீர்கள் என்றால் முள்ளோடு நெத்திலி. போதாததற்கு மாத்திரை. பருப்போ முட்டையோ ஏதாவது ஒரு புரதம் இரண்டு வேளையாவது தட்டில் இருக்கட்டும், நம் அம்மாக்கள் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுகிறார்கள். அவர் முதலில் விழுந்தது குளியலறையில். அங்கே இன்னும் கைப்பிடி வைக்கவில்லை என்றால் இந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிடுங்கள், சொரசொரப்பான தரை, ராத்திரி எரிகிற சின்ன விளக்கு. ஒரு இயன்முறை மருத்துவரிடம் போய் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது போன்றவற்றைப் பழக்கச் சொல்லுங்கள். குனிந்து காலைத் தொடும் ஆசனங்கள் வேண்டாம், மைனஸ் 3.1-ல் முதுகெலும்பு தாங்காது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும். கேப்ஸ்யூலை மட்டம் தட்டிப் பேசாதீர்கள், கொண்டுவந்து கொடுத்தவர் அவருக்கு வேண்டியவர், ரோஷம் வந்துவிடும். ஊசியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவருடைய மருத்துவர் வாயால் கேட்க வையுங்கள். போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

மகனின் புராஜெக்ட்டுக்கு வருகிறேன். எடுக்கலாம், நல்ல தலைப்பு, ஆனால் “பிரண்டை எலும்பு செல்லை வளர்க்கிறது” என்று ஆயிரத்தோராவது சிவப்புக் கிண்ணம் வேண்டாம். குவெர்செடினைப் போடுவதற்குப் பதிலாக ரத்தத்தில் உண்மையில் ஓடுகிற குவெர்செடின்-3-குளுகுரோனைடை, 1 மைக்ரோமோலாரிலும் அதற்குக் கீழும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே மூலக் குவெர்செடினை 10-ல் வைத்துக்கொள்ளட்டும். பலன் இல்லை என்று வந்தாலும் அது எழுதத் தகுந்த முடிவு. பொருளைக் கரைக்க டிஎம்எஸ்ஓ பயன்படுத்துவான், அதுவே செல்லின் போக்கை மாற்றும், அதனால் வெறும் டிஎம்எஸ்ஓ போட்ட கிண்ணம் ஒன்று கட்டாயம். குவெர்செடின் வளர்ப்புத் திரவத்தில் தானாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும், செல்லில் தெரிகிற மாற்றம் அந்தப் பெராக்சைடின் கைவேலையாகவும் இருக்கலாம். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த இன்னொரு கிண்ணம் வைத்தால் அது பிடிபடும். எலும்புக்கு அலிசரின் மட்டும் பார்த்து நிறுத்தாமல், எலும்பு கட்டும் செல்லின் அடையாளங்களான ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஆஸ்டியோகால்சினும் பார்க்கட்டும், கொழுப்புக்கு ஆயில் ரெட் ஓ சாயம். மனித மஜ்ஜைக்கு அலைய வேண்டியதில்லை, புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் எலும்பு ஆய்வுக்கான செல் வரிசைகளை விசாரித்து வாங்கலாம். மனித ஸ்டெம் செல்லில்தான் செய்வேன் என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017-ம் ஆண்டு வழிகாட்டுதலின்படி கல்லூரியின் ஸ்டெம் செல் ஆய்வுக்குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், விண்ணப்பத்தை இப்போதே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.